ஹஸ்க்வர்னா 701: ஓர் ஒற்றையுருளைப் பொறியும் அதன் குடிவழியும்

மக்கள் கையாளும் பொறிகளுட் சில, தம்மை ஆக்கிய நிலத்தின் இயல்பையும், தொழிலின் மரபையும், காலத்தின் தேவையையும் தம் உறுப்புக்களிலே பொறித்து வைத்துள்ளன. மோட்டார் சைக்கிள் அத்தகையது. மோட்டார் வண்டியிற் பொறி மூடியுள் மறைந்து கிடக்கின்றது. மோட்டார் சைக்கிளிலோ எஞ்சினும் சட்டமும் சக்கரமும் வெளிப்படையாய் நிற்கின்றன. ஆதலின், செய்தவன் எதனை வேண்டினான், எதனைக் கைவிட்டான் என்பதை நோக்குவோர் எளிதில் அறிந்து கொள்ளலாம்.

ஹஸ்க்வர்னா 701 சூப்பர்மோட்டோ என்னும் மோட்டார் சைக்கிள் இவ்வாறு நோக்கத்தக்க ஒன்று. ஒரே உருளையைக் கொண்ட எஞ்சின், ஏறத்தாழ 145 கிலோகிராம் எடை, ஒடுங்கிய உடல். இதனைத் தன் பெயரால் விற்கும் தொழிலகத்தின் வரலாறு 1689 ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. ஆயினும், அப்பெயர் பிறந்த ஊரில் இவ்வண்டி செய்யப்படவில்லை. இதன் எஞ்சினும் அவ்வூராரின் ஆக்கமன்று. அங்ஙனமாயின் மூன்று நூற்றாண்டுப் பெருமையை இவ்வண்டி எவ்வகையில் உரிமை கொண்டாடலாம்? பெயர் தொடர்வதே மரபு தொடர்வதாகுமா? பழமையான நிறுவனம் எதற்கும் எழக்கூடிய இவ்வினாவுக்கு, இம்மோட்டார் சைக்கிளின் வரலாறு பயனுள்ள விடையொன்றைத் தருகின்றது.

நீர்வீழ்ச்சியும் துப்பாக்கியும்

சுவீடன் நாட்டின் தென்பாகத்தில் வெட்டேர்ன் என்னும் பேரேரி உளது. அதன் தென்முனையில் யென்ஷோப்பிங் நகரும், அதனையடுத்து ஹஸ்க்வர்னா என்னும் ஊரும் அமைந்துள்ளன. ஊர்ப்பெயரின் ஒரு பகுதி வீட்டையும் மற்றைப் பகுதி ஆலையையும் குறிக்கும். மலைச்சரிவிலிருந்து விழும் ஆற்றுநீர் முற்காலத்தில் அங்கே மாவாலையைச் சுழற்றியது.

பதினேழாம் நூற்றாண்டிற் சுவீடன் வடவைரோப்பாவின் பெரும் படைவல்லரசாய் விளங்கியது. அரசின் படைக்கு வேண்டிய துப்பாக்கிகளின் குழல்களைத் துளையிடுவதற்கும் அரைப்பதற்கும் மிக்க வலு வேண்டியிருந்தது. யென்ஷோப்பிங்கிலிருந்த துப்பாக்கித் தொழிலுக்குப் போதிய நீர்வலு கிடையாமையால், 1689 இல் அரச ஆணைப்படி ஹஸ்க்வர்னா நீர்வீழ்ச்சியருகே ஆலை நிறுவப்பட்டது. இன்று இந்நிறுவனத்தின் பொருள்களிற் காணப்படும் சின்னம் ஒரு முடியைப் போன்று தோன்றும். அது உண்மையில் முன்னிருந்து நோக்கிய துப்பாக்கிக் குழலின் வாயையும் குறிகாட்டியையும் குறிப்பது.

1757 இல் இவ்வாலை அரசிடமிருந்து தனியார் கைக்கு மாறியது. துப்பாக்கித் தொழிலுக்கு ஓர் இயல்பான இடர் உண்டு. போர்க்காலத்தில் வேலை மிகும்; அமைதிக்காலத்தில் ஆலை ஓயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விடரை எதிர்கொண்ட ஹஸ்க்வர்னா, தன்னிடமிருந்த கருவிகளாலும் கைத்திறனாலும் வேறு எவற்றைச் செய்யலாமென ஆராய்ந்தது. 1872 இல் தையற்பொறி தோன்றியது. வார்ப்பிரும்பினாலான அடுப்புக்களும் இறைச்சி அரைக்கும் பொறிகளும் உருவாயின. 1896 இல் சைக்கிள் வந்தது.

தோற்றத்தில் இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தெரியும். ஆயினும் தொழில்முறையை நோக்கின் தொடர்பு புலப்படும். துப்பாக்கியின் உறுப்பொன்று பழுதுற்றால் அதேயளவான வேறோர் உறுப்பை உடனே பொருத்த வேண்டும். உறுப்புக்கள் நுண்ணிய அளவிற்கூட வேறுபடலாகாது. இந்த ஒழுங்கே தையற்பொறிக்கும் சைக்கிளுக்கும் இன்றியமையாதது. எஃகை நுட்பமாக வெட்டவும், துளைக்கவும், கடினமாக்கவும் அறிந்த தொழிலாளர் ஓரூரில் ஒருங்கே கூடியிருந்தமையே ஹஸ்க்வர்னாவின் முதற் செல்வமாகும். துப்பாக்கி ஆலைகள் பின்னர் மோட்டார் சைக்கிள் செய்தமைக்கு இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனமும், பெல்ஜியத்தின் எப்.என். நிறுவனமும் சான்றாகும்.

எடையைக் குறைக்கும் கலை

1903 இல் ஹஸ்க்வர்னா தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அதன் எஞ்சின் பெல்ஜியத்து எப்.என். ஆலையிலிருந்து வந்தது. பிறருடைய எஞ்சினை வாங்கித் தன் சட்டத்திற் பொருத்துவதே அதன் தொடக்கமுறையாயிருந்தது. தன் சொந்த எஞ்சினை அது உருவாக்கியது 1920 ஆம் ஆண்டளவிலேயாகும். இச்செய்தி பின்னே எழும் வினாவுக்கு உதவுவது.

1930களின் முற்பகுதியில் போல்க்கே மன்னர்ஸ்டெட் என்னும் பொறியியலாளர் இரட்டையுருளைப் பந்தய வண்டிகளை வகுத்தார். இங்கிலாந்தினதும் இத்தாலியினதும் பெருந்தொழிலகங்களோடு போட்டியிட வேண்டிய நிலையில், இலேசான உலோகங்களைப் பயன்படுத்தி எடையைக் குறைக்கும் வழியை அவர் மேற்கொண்டார். 1934 இல் மான் தீவில் நடந்த சீனியர் ரி.ரி. போட்டியில் ஸ்ரான்லி வூட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓட்டுநர் ஹஸ்க்வர்னா வண்டியிலே அவ்வோட்டத்தின் மிக விரைவான சுற்றை ஓடினார். இரண்டாம் இடத்தில் நின்ற அவர், இறுதிச் சுற்றிலே பெற்றோல் தீர்ந்தமையால் வெற்றியிடத்தை இழந்தார். வேகமும் இலேசும் கைகூடியும் ஓரிரு லீற்றர் எரிபொருளாற் பரிசு தவறியது.

இலேசு என்னும் கொள்கையை ஹஸ்க்வர்னாவிலே நிலைநாட்டியது பந்தயத்தினும் மேலாக ஒரு சட்டமேயாகும். அக்காலச் சுவீடனில் 75 கிலோகிராமுக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளைப் பதினாறு வயதினரும் ஓட்டலாமென விதி இருந்தது. இளைஞர்களை வாடிக்கையாளராக்க விரும்பிய நிறுவனம் ஒவ்வோர் உறுப்பையும் நிறுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. இவ்வாறு 1955 இல் வெளிவந்ததே ‘சில்வர்பீலன்’, அதாவது வெள்ளியம்பு. அது 175 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய ஈரடிப்பு ஒற்றையுருளை எஞ்சினைக் கொண்டது. எடை 75 கிலோகிராம் என்னும் எல்லைக்குள் அடங்கியது. வலுவைக் கூட்டுவதற்கு முன் சுமையைக் குறை என்னும் பாடத்தை அவ்வாலைத் தொழிலாளர் சட்டத்தின் கட்டாயத்தாற் கற்றனர்.

சுவீடனின் காட்டுப் பாதைகளும் மணல்மேடுகளும் இலேசான வண்டிகளுக்கு இயற்கையான தேர்வுக்களமாயின. மேடுபள்ளமான மண்தரையில் ஓடும் மோட்டோகுறொஸ் பந்தயத்தில் ஹஸ்க்வர்னா விரைவிலே முன்னணிக்கு வந்தது. 1960 இல் பில் நில்சன் 500 கன சென்ரிமீற்றர்ப் பிரிவில் உலகப் பட்டத்தை வென்றார். 1962 இலும் 1963 இலும் அதே பிரிவில் றொல்ப் திப்ளின் வென்றார். 250 கன சென்ரிமீற்றர்ப் பிரிவில் தொர்ஸ்தன் ஹால்மன் 1962, 1963, 1966, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளிற் பட்டம் பெற்றார். 1966 இல் ஹால்மன் அமெரிக்காவுக்குச் சென்று ஓடிக் காட்டிய ஓட்டங்கள் அந்நாட்டில் மோட்டோகுறொஸ் வேரூன்ற உதவின. 1971 இல் வெளிவந்த ‘ஒன் எனி சண்டே’ என்னும் விவரணத் திரைப்படத்தில் நடிகர் ஸ்ரீவ் மக்குயின் ஹஸ்க்வர்னா வண்டியை ஓட்டியமை அதன் புகழை மேலும் பரப்பியது. மூர்த்தி சிறிதெனினும் கீர்த்தி பெரிது என்னும் பழமொழி இவ்வண்டிகளுக்கு நன்கு பொருந்தும்.

சூப்பர்மோட்டோ என்பது யாது

சூப்பர்மோட்டோ பந்தயம் ஐயமொன்றிலிருந்து பிறந்தது. மோட்டார் சைக்கிட் பந்தயங்களுட் சில தார்ச்சாலையிலும், சில தட்டையான மண்வட்டத்திலும், சில மேடுபள்ளமான தரையிலும் நடப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வீரர் உளர். இவர்களுள் யாவரினும் வல்லவர் யார்? இவ்வினாவைத் தீர்க்கவெனக் கவின் திரிப் என்னும் போட்டி அமைப்பாளர் ஒரு பந்தயத்தைத் திட்டமிட்டார். 1979 இல் ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்துக்காக, கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் ஓடுகளத்தில் ‘சூப்பர்பைக்கர்ஸ்’ என்னும் பெயரால் அது நடந்தது. ஓடுபாதையின் ஒரு பகுதி தார். மற்றொரு பகுதி மண். மூவகை வீரரும் ஒரே களத்தில் மோதினர்.

அப்போட்டி 1985 வரையே அமெரிக்காவில் நிலைத்தது. ஆயினும் ஐரோப்பியர், சிறப்பாகப் பிரான்சு நாட்டினர், அதனை விரும்பி ஏற்றனர். மோட்டார் சைக்கிளோட்டியைக் குறிக்கும் ‘மொத்தார்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லோடு சேர்ந்து ‘சூப்பர்மொத்தார்’ என்னும் பெயர் அங்கே வழங்கலாயிற்று. 2002 இல் அனைத்துலக மோட்டார் சைக்கிட் சம்மேளனம் இதற்கு உலகப் பட்டப் போட்டியை ஏற்படுத்தியது.

இப்பந்தயத்துக்கான வண்டி மோட்டோகுறொஸ் வண்டியின் திரிந்த வடிவமாகும். மண்ணிலோடும் வண்டியின் முன்சக்கரம் 21 அங்குல விட்டமுடையதாய், ஒடுங்கியதாய், ரயரிற் கட்டைகள் துருத்தியதாய் இருக்கும். அதனை நீக்கி, 17 அங்குல அளவான அகன்ற சக்கரங்களையும் சாலைக்குரிய மென்மையான ரயர்களையும் பூட்டுவர். தார்ச்சாலையில் மிக்க வேகத்தை அடக்க வேண்டியிருத்தலால் முன்பிறேக்கின் தட்டைப் பெரிதாக்குவர். விலில்களின் நீண்ட அசைவைச் சிறிது குறைப்பர். எஞ்சினும் சட்டமும் உயர்ந்த கைப்பிடியும் மண்வண்டிக்குரியனவாகவே நிற்கும்.

ஓட்டும் முறையும் கலப்பானது. சாலைப்பந்தய வீரன் வளைவிலே தன் உடலை உட்பக்கமாகச் சரித்து, முழங்காலைத் தரையருகே கொணர்வான். சூப்பர்மோட்டோ வீரன் பெரும்பாலும் தன் உடலை நிமிர்த்தி வைத்து, வண்டியை மட்டும் கீழே சரித்து, உட்காலை முன்னோக்கி நீட்டுவான். வளைவுக்குள் நுழையும்போது பின்சக்கரத்தைப் பக்கமாக வழுக்கவிட்டு வண்டியின் முகத்தைத் திருப்புவதும் உண்டு. பாரமான வண்டியில் இம்முறைகளைக் கையாளல் அரிது. எனவே சூப்பர்மோட்டோவுக்கு இலேசு ஓர் அணிகலனன்று, அதுவே உயிர்நிலை.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஓடும் பொருளின் இயக்கச் சத்தி அதன் திணிவின் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கிப் பெறப்படுவது. வண்டியும் எரிபொருளும் ஓட்டுநரும் சேர்ந்து 230 கிலோகிராம் எனக் கொள்வோம். செக்கனுக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் அதன் இயக்கச் சத்தி 46,000 யூல். மொத்தம் 300 கிலோகிராமாயின் அது 60,000 யூலாகும். வளைவுதோறும் அந்த மேலதிகமான 14,000 யூலையும் பிறேக் வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். வளைவு கழிந்ததும் எஞ்சின் அதனை மீண்டும் ஈட்ட வேண்டும். நீண்ட நேர்ச்சாலையில் வலு மிக்க வண்டி வெல்லலாம். வளைவுகள் நெருங்கிய பாதையில் இலேசான வண்டியே முந்தும்.

701இன் அமைப்பு

ஹஸ்க்வர்னா 701 சூப்பர்மோட்டோவின் முன்மாதிரி 2014 இல் மிலான் நகரத்து மோட்டார் சைக்கிட் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2015 இல் அது விற்பனைக்கு வந்தது. பெயரிலுள்ள 701 என்னும் எண் எஞ்சினின் கொள்ளளவைக் குறிப்பதன்று. முதலில் வந்த எஞ்சின் 690 கன சென்ரிமீற்றர். அதன் வலு 67 பரிவலு. 2017 ஆம் ஆண்டு மாதிரியில் உருளையின் உள்விட்டம் 105 மில்லிமீற்றராகவும், ஆடுதண்டின் அடிப்பு 80 மில்லிமீற்றராகவும் மாற்றப்பட்டன. அவ்வளவுகளாற் கிடைக்கும் கொள்ளளவு 692.7 கன சென்ரிமீற்றர். வலு ஏறத்தாழ 74 பரிவலுவாக உயர்ந்தது.

சட்டம் குறோமியமும் மொலிப்தனமும் கலந்த எஃகுக் குழாய்களைக் கோத்துச் செய்யப்பட்டது. பொதுவாகப் பெற்றோற்றாங்கி ஓட்டுநரின் முன்னே இருக்கும். இவ்வண்டியிலோ ஏறத்தாழ 13 லீற்றர் கொள்ளும் தாங்கி இருக்கையின் கீழே பின்புறத்தில் உளது. அன்றியும், பொலியமைட்டு என்னும் பிளாத்திக்காலான அத்தாங்கியே இருக்கையைத் தாங்கும் பின்சட்டமாகவும் பணி செய்கின்றது. ஓர் உறுப்பே இரு கடன்களை ஆற்றுவதால் எடை குறைகின்றது. முன்னே கிடைத்த இடத்தில் எஞ்சினுக்குரிய காற்றுப்பெட்டி அமைந்துள்ளது. இருக்கையின் உயரம் சுமார் 890 மில்லிமீற்றர். குள்ளமானவர்க்கு இது எளிதன்று.

முன்சக்கரத்தில் 320 மில்லிமீற்றர் விட்டமான ஒரே பிறேக்குத் தட்டு உண்டு. சாலை வண்டிகளிற் பலவற்றுக்கு இரண்டு தட்டுக்கள் வேண்டப்படும். எடை குறைவானமையால் இங்கே ஒன்றே போதுமாயிற்று. இலேசின் பயன் இவ்வாறு பெருகிச் செல்லுதல் நோக்கத்தக்கது. எடை குறைய, பிறேக்கின் பொறுப்புக் குறைகின்றது. பிறேக்கு எளிதாக, சக்கரத்தின் சுமை குறைகின்றது. சக்கரம் இலேசாக, வில் மேடுபள்ளத்துக்கு விரைந்து இணங்குகின்றது. சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் மின்னமைப்பும் இதிலுண்டு. சூப்பர்மோட்டோ முறையில் ஓட விரும்புவோர் பின்சக்கரத்துக்கு மட்டும் அக்காவலை நீக்கிக் கொள்ளலாம். காப்பாற்றவென வைத்த கருவி, வேண்டுமென்றே வழுக்கவிடும் கலைக்கு இடையூறாகாதிருக்கவே இவ்வேற்பாடு.

ஒற்றையுருளையின் குறையும் நிறைவும்

ஏறத்தாழ 700 கன சென்ரிமீற்றரை ஒரே உருளையில் அடக்குவது எளிதான செயலன்று. நான்கடிப்பு எஞ்சினில் வணரித்தண்டின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே வெடிப்பு நிகழும். நிமிடத்துக்கு 2,000 சுழற்சியாயின் செக்கனுக்கு ஏறத்தாழ 17 வெடிப்புக்களேயுள. நான்குருளை எஞ்சினில் அதே வேகத்தில் 67 வெடிப்புக்கள் நிகழும். ஆதலாற் குறைந்த வேகத்தில் ஒற்றையுருளை எஞ்சின் துடித்துத் துடித்து ஓடும்; சங்கிலி குலுங்கும்.

ஆடுதண்டின் ஓட்டமும் இடர்தருவது. நிமிடத்துக்கு 8,000 சுழற்சியெனக் கொண்டால், ஒவ்வொரு சுழற்சியிலும் 80 மில்லிமீற்றர் மேலும் 80 மில்லிமீற்றர் கீழுமாக ஆடுதண்டு ஓடும். அதன் சராசரி வேகம் செக்கனுக்கு 21 மீற்றருக்கு மேற்படும். அவ்வேகத்தில் ஓடும் உலோகத்தை ஒரு செக்கனுள் இருநூற்றறுபதுக்கு மேற்பட்ட தடவை நிறுத்தித் திருப்ப வேண்டும். அவ்விசை முழுவதும் அதிர்வாக வெளிப்படும். பல உருளைகள் உள்ள எஞ்சினில் ஒன்று மேலேறுகையில் மற்றொன்று கீழிறங்கி ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஒற்றையுருளைக்கு அத்தகைய துணையில்லை. எனவே எதிர்ப்புறமாகச் சுழலும் சமனிலைத்தண்டு சேர்க்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டு மாதிரியில் உருளைத் தலையில் இரண்டாவது சமனிலைத்தண்டொன்றும் இடம்பெற்றது. இன்னுமோர் இடருளது. 105 மில்லிமீற்றர் அகன்ற உருளையில் ஓரிடத்தே மூட்டிய சுவாலை மற்றை விளிம்பை அடைவதற்குட் காலம் கழிந்துவிடும். அதற்கெனத் தீப்பொறி தரும் செருகிகள் இரண்டு வைக்கப்பட்டன.

இத்துணை இடருக்கிடையே ஒற்றையுருளையை ஏன் விரும்ப வேண்டும்? உறுப்புக்களின் தொகை குறைவு, எடை குறைவு, எஞ்சினின் அகலம் குறைவு. ஒடுங்கிய எஞ்சின் வண்டியைக் கால்களுக்கிடையே எளிதில் அடக்க இடந்தரும். சரிக்கும்போது தரையில் உராயாது. வேகம் மிகுமுன்னரே சுழற்றுவிசை நன்கு கிடைப்பதால் வளைவிலிருந்து வெளியேறுகையில் கியரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. அதிர்வைச் சமனிலைத்தண்டாற் குறைக்கலாம். பன்னுருளை எஞ்சினின் பாரத்தைக் குறைக்கவோ வழியில்லை. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தே பொறியியலாளர் ஒற்றையுருளையைத் தேர்ந்தனர்.

701 பந்தயக்களத்துக்கெனச் செய்த வண்டியன்று என்பதையும் கூறல் வேண்டும். ஹஸ்க்வர்னாவின் எப்.எஸ். 450 என்னும் பந்தய வண்டி 110 கிலோகிராமுக்கும் குறைந்தது. ஆனால் பந்தய எஞ்சினை ஓடிய மணிகளை எண்ணிப் பழுது பார்க்க வேண்டும். 701இன் எஞ்சினோ 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பராமரித்தாற் போதும். நாள்தோறும் சாலையில் ஓடும் உரிமை பெறுவதற்காக அது முப்பத்தைந்து கிலோகிராமளவு எடையை விலையாகக் கொடுத்துள்ளது.

பெயரும் பட்டறையும் பிரிந்த கதை

இனி முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். 1970களின் இறுதியில் ஹஸ்க்வர்னா நிறுவனம் சுவீடனின் இலெக்றோலக்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1983 இல் இலேசான நான்கடிப்பு ஒற்றையுருளை வண்டியொன்றைச் சிறுதொகையான பொறியியலாளர் உருவாக்கினர். ஈரடிப்பு வண்டிகளே இலேசானவை என்றிருந்த காலத்தில் அது புதுவழி காட்டியது. ஆயினும் மரமரியும் பொறிகளும் புல்வெட்டும் பொறிகளும் தந்த ஊதியத்தை மோட்டார் சைக்கிள் தரவில்லை. 1987 இல் மோட்டார் சைக்கிட் பிரிவு மட்டும் இத்தாலியின் கஜீவா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வேலை வரேசே நகருக்குப் பெயர்ந்தது. மரமரியும் பொறி செய்யும் ஹஸ்க்வர்னா சுவீடனிலே தனியே தொடர்கின்றது; இரண்டுக்கும் பெயரும் சின்னமுமே பொது.

இத்தாலிக்குச் செல்ல விரும்பாத பொறியியலாளர் சிலர் தோமஸ் குஸ்தாவ்சன் முதலியோருடன் சுவீடனிலேயே தங்கினர். 1988 இல் ஹூசாபெர்க் என்னும் சிறு தொழிலகத்தை நிறுவி, இலேசான நான்கடிப்பு ஒற்றையுருளை வண்டிகளையே தொடர்ந்து செய்தனர். ஆகவே, 1988 இல் ஹஸ்க்வர்னாவின் பெயர் இத்தாலியில் இருந்தது. அதன் அறிவின் ஒரு பகுதி வேறு பெயரோடு சுவீடனில் இருந்தது. 1995 இல் ஹூசாபெர்க்கை ஒஸ்திரியாவின் கே.ரி.எம். நிறுவனம் வாங்கியது, 2003 இல் அதன் உற்பத்தியும் கே.ரி.எம். இருக்கும் மாட்டிக்ஹோபன் ஊருக்குச் சென்றது.

இத்தாலிக் கிளையின் கதை வேறு. வரேசேயிலே ஹஸ்க்வர்னா சூப்பர்மோட்டோ வண்டிகள் சிறந்து வளர்ந்து உலகப் பட்டங்களையும் வென்றன. 2007 இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அதனை வாங்கிப் பியாந்திரொன்னோ என்னுமிடத்தில் உற்பத்தியை நடத்தியது. எதிர்பார்த்த பயன் கிட்டாமையால், 2013 இல் கே.ரி.எம். நிறுவனத்தின் தலைவர் ஸ்தெபான் பியரரின் முதலீட்டு நிறுவனத்துக்கு ஹஸ்க்வர்னாவை விற்றது. பெயர் மாட்டிக்ஹோபனுக்குச் சென்றது. ஹூசாபெர்க் ஹஸ்க்வர்னாவோடு ஒன்றாக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு முன் பிரிந்த பெயரும் அறிவும் மூன்றாவது நாடொன்றிலே மீண்டும் சந்தித்தன.

பியாந்திரொன்னோ ஆலை ஹஸ்க்வர்னாவை இழந்தது. ஆயினும் 2014 இல் சீனாவின் ஷினரே நிறுவனத்தின் முதலுடன், எஸ்.டபிள்யூ.எம். என்னும் பழைய இத்தாலியப் பெயரில் அவ்வாலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. அங்கே செய்யப்பட்ட ஒற்றையுருளைச் சூப்பர்மோட்டோ வண்டிகள் முன்னைய ஹஸ்க்வர்னா வடிவமைப்பினின்றும் பிறந்தவை. ஒருபால் ஹஸ்க்வர்னா என்னும் பெயரோடு, கே.ரி.எம். 1987 முதல் வளர்த்துவந்த எல்.சி.4 எஞ்சின் பூண்ட 701. மறுபால் வேறு பெயரோடு, பழைய ஹஸ்க்வர்னா எஞ்சின் பூண்ட வண்டி. இவற்றுள் உண்மையான வழித்தோன்றல் எது?

பெயரை மட்டும் கொண்டு தீர்ப்பவன் முன்னையதைச் சுட்டுவான். உறுப்பை மட்டும் கொண்டு தீர்ப்பவன் பின்னையதைச் சுட்டுவான். வரலாற்றை முழுமையாக நோக்குபவன் சற்றுத் தயங்குவான். 1903 இல் ஓடிய முதல் ஹஸ்க்வர்னாவின் எஞ்சினும் பிறருடையதே. 1960 இல் நில்சன் உலகப் பட்டம் வென்ற வண்டியின் ஒற்றையுருளை எஞ்சினும் அல்பின் என்னும் வேறொரு தொழிலகத்தின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டது. பிறர் ஆக்கிய நல்லெஞ்சினைத் தேர்ந்து, மிகையானதை நீக்கி, இலேசான சட்டத்திற் பொருத்துதல் ஹஸ்க்வர்னாவின் தொன்மையான தொழில்முறைகளுள் ஒன்றாகவே இருந்தது. அம்முறையை அளவுகோலாகக் கொண்டால், 701 அம்மரபுக்குப் புறம்பானதென்று தள்ளிவிடல் இயலாது. எனினும், கே.ரி.எம். 690 வண்டியும் இதுவும் எஞ்சினிலும் சட்டத்திலும் உடன்பிறப்புக்களேயாதலின், பழம்பெருமை முழுவதையும் இதற்கே சூட்டுவதும் நேர்மையாகாது.

அண்மைக்காலப் படிப்பினை

மரபைக் காப்பதற்குத் தொழில்நுட்பம் மட்டும் போதாது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியே சான்று. 1991 இல் ஒருமுறை முறிவடைந்து, பின்னர் பியரரின் தலைமையில் மீண்டெழுந்த கே.ரி.எம்., 2024 நவம்பரில் மீண்டும் கடனிறுக்க இயலாத நிலையை அறிவித்தது. விற்பனையின் அளவை மீறி வண்டிகளைச் செய்தமையே தலையாய காரணங்களுள் ஒன்று. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்பனையாகாது தேங்கியிருந்தன. உற்பத்தி நிறுத்தப்பட்டது, தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். 2025 பெப்ரவரியில், கடன் கொடுத்தோர் தமக்குரியதில் நூற்றுக்கு முப்பது வீதத்தை ஏற்க இணங்கினர். அதற்கான பணத்தை முதன்மையாகத் தந்தது இந்தியாவின் பஜாஜ் ஓட்டோ நிறுவனமாகும். 2007 முதற் கே.ரி.எம். நிறுவனத்திற் பங்குடையதாயிருந்த பஜாஜ், 2025 ஆம் ஆண்டின் இறுதியில் அதன் கட்டுப்பாட்டைப் பெற்றது. புனே நகரையடுத்த சாக்கன் ஆலையில் ஹஸ்க்வர்னாவின் சிறிய வண்டிகள் அதற்கு முன்னரே செய்யப்பட்டு வந்தன. ஆக, சுவீடன் மன்னனின் ஆணையாற் பிறந்த பெயர், இன்று தென்னாசிய முதலின் நிழலில் நிற்கின்றது.

ஒரு கிராம் மிகையையும் சட்டத்திற் பொறாத பொறியியலாளர் செய்த வண்டிகள், களஞ்சியத்தில் இலட்சக்கணக்கிற் சுமையாகக் கிடந்தன. வண்டிக்குக் கூறிய இலேசு என்னும் அறம் வணிகத்துக்கும் பொருந்துமென்பதை மேலாளர் மறந்தனர் போலும். வேண்டியதற்கு மேற்பட்டது வலுவன்று, சுமை என்பதை 1955 இன் வெள்ளியம்பு முன்னரே காட்டியிருந்தது.

நிறுவனமொன்றின் மரபு அதன் பெயர்ப்பலகையில் இல்லை, கட்டடத்திலும் இல்லை, மாறாத உறுப்புக்களிலும் இல்லை. ஹஸ்க்வர்னாவின் ஆலை நான்கு நாடுகளைக் கண்டது. உடைமையாளர் பலர் வந்து போயினர். எஞ்சி நிற்பது ஒரு பழக்கமே: நுட்பமாக அளத்தல், வேண்டாததை நீக்கல், செய்ததைக் கடுங்களத்திலே சோதித்தல். அப்பழக்கத்தைக் கற்றவர் கற்பிக்கும் வரை, பட்டறை எங்கு பெயர்ந்தாலும் மரபு வாழும். கற்பித்தல் நின்ற அன்று பெயர் மட்டும் எஞ்சும். 701 என்னும் ஒற்றையுருளை வண்டியைச் சாலையிற் காண்போர் அதன் வேகத்தைக் கண்டு வியக்கலாம். அதன் குடிவழியை அறிந்தோர், மூன்று நூற்றாண்டாகக் கையிலிருந்து கைக்கு மாறிவந்த ஒரு தொழிலொழுக்கத்தையும் அதிற் காண்பர்.